சுகமாகும் முன் சொன்ன சாட்சி

சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகைச் சுற்றிக்கொண்டு வலது தோள்பட்டை வரைக்கும் ஏறுகிற நோவு வந்தால், அதை வாய்வு என்று சொல்லி இஞ்சி அவித்துக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். போய்க் காட்டுங்கள். கிளினிக்குக்குத் திகதி தந்தால் அந்தத் திகதிக்குப் போங்கள். முக்கியமாக, சுகமாகிவிட்டது என்று உங்கள் சபையிலோ கோயிலிலோ எழும்பி நின்று சொல்வதற்கு முன் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு எழும்பினால் பாதிப் பொய் சொன்னவளாவேன். பொய் சொன்னது போதும் எனக்கு.

எங்கள் வீடு திருகோணமலையில், லிங்கநகரில். என் பெயர் ராணி. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவள். என் கணவர் அருள்தாஸ் துறைமுகப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்துகிறவர். ஒரே மகள் கல்யாணம் முடித்துக் கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சபையின் கேற்றடியில் இறக்குவார். எஞ்சினை நிறுத்த மாட்டார். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி கடற்கரைப் பக்கம் திரும்பியிருக்கும். ஆராதனை முடிகிற நேரம் பார்த்து மறுபடி வந்து நிற்பார். இதே மனிதர் ஒரு காலத்தில் இதே சபையின் பாடகர் குழுவில் நின்று பாடியவர் என்று சொன்னால், இப்போது கிற்றார் அடிக்கிற பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அவர் உள்ளே வருவதை நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய தம்பி சேகர் சண்டைக் காலத்தில் ஒருநாள் காலையில் வேலைக்கென்று வெளிக்கிட்டுப் போனவன், வீடு திரும்பவில்லை. தேடாத இடமில்லை. அந்த நாட்களில் வெளியூரிலிருந்து பிரசங்கிக்க வந்த ஊழியர் ஒருவர் எங்கள் சபையில் வைத்து அருள்தாஸின் அம்மா, என் மாமியின் தலையில் கைவைத்தார். "ஆண்டவர் சொல்லுகிறார், நத்தாருக்கு முன்னம் உன் மகன் உன் வாசலில் நிற்பான்" என்றார். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. மாமி அடுத்த நாளே துணி வாங்கிவந்து, சேகருக்குக் கிறிஸ்மஸ் அன்று போட நத்தார்ச் சட்டை தைக்கச் சொன்னார். தைத்தவள் நான். அந்த நத்தாரும் போயிற்று, அதற்குப் பிறகு எத்தனையோ நத்தாரும் போயின. மாமி வாசலைப் பார்த்தபடியே கண்ணை மூடினார். சட்டை இன்னும் எங்கள் அலுமாரியில் கிடக்கிறது.

சபையில் சேகரின் பெயரைச் சொல்லி ஜெபிப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று. வருவான் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவனுக்காக அழுதால், அந்த ஊழியர் ஆண்டவர் பெயரால் சொன்னது பொய்யாகிவிடும். ஆகவே எல்லோருமாகப் பேசாமல் இருந்துவிட்டோம். மாமியின் அடக்கத்துக்குப் பிறகு அருள்தாஸ் கேற்றைத் தாண்டி வரவில்லை.

நான் அவரை விட்டுவைத்தேன் என்று நினைக்காதீர்கள். "ஆண்டவற்ர நேரம் வேற, எங்கட நேரம் வேற" என்பேன். "அந்த ஊழியர் சொன்னதுக்கும் ஒரு கருத்து இருக்கும்" என்பேன். அவர் பசியோடு வந்து சோற்றுக் கோப்பையில் கை வைக்கும்போதும், எஞ்சின் சரிவராமல் முகம் கறுத்து வந்து நிற்கும்போதும் எனக்கு வசனம் வந்துவிடும். ஒருமுறை அவருடைய ஸ்பனர்ச் சாவிப்பெட்டிக்குள் வசன அட்டை ஒன்றை வைத்துவிட்டேன். பின்னேரம் அது எண்ணெய் ஊறிக் கறுப்பாகத் திரும்பி வந்தது. "உம்மட வசனம் நல்ல வேலை செய்தது, ஓயில் கசிஞ்ச இடத்தில மடிச்சு வைச்சனான்" என்றார். நான் இரண்டு நாள் கதைக்கவில்லை. மகள் போனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நோவு வந்தது சென்ற மழைக்காலத்தில். கோழிக்கறியும் பராட்டாவும் சாப்பிட்ட ஒரு மத்தியானம். தையல் மெசினுக்கு முன்னால் இருந்தவள் அப்படியே தரையில் சரிந்துவிட்டேன். அருள்தாஸ் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டு நோவைக் குறைத்து, ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள் என்றார்கள். பித்தப்பை என்பது ஈரலுக்குக் கீழே தொங்குகிற ஒரு சின்னப் பை. ஈரல் சுரக்கிற பித்தநீர் அதில்தான் தங்கி நிற்கும். எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும். உள்ளே கல் இருந்தால் அந்த நேரம்தான் உயிர் போகிற நோவு வரும். "நோ வரும், போகும். போனாப்போல கல்லு போகாது. பையை எடுக்கத்தான் வேணும்" என்று டொக்டர் தெளிவாகவே சொல்லிக் கிளினிக்குக்குத் திகதி தந்தார். இதை நான் கேட்கவில்லை என்று சொல்ல ஏலாது. அருள்தாஸும் பக்கத்தில் நின்றார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். எங்கள் பாஸ்டர் என்னைவிட இளையவர், நல்ல மனிதர், யாருக்கு வருத்தமென்றாலும் மழையென்றும் பாராமல் சைக்கிளில் போய் நிற்பவர். அவர் ஜெபித்த பிறகு நோவு வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. நான் எண்ணெயே தொடாமல் கஞ்சியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதனாலும் வராமல் இருந்திருக்கும். அதை நினைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை. என் மனம் வேறோர் இடத்தில் நின்றது. நான் சுகமானதை அருள்தாஸ் கண்ணால் கண்டால், அத்தனை வருடம் வசனம் சொல்லி நடக்காதது ஒரே நாளில் நடந்துவிடும் என்று நினைத்தேன்.

எங்கள் சபையில் ஆராதனைக்கு இடையில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யாரும் எழும்பி நின்று மைக்கில் சொல்லலாம். மைக்கின் சத்தம் வெளியே கேற்றடி வரைக்கும் கேட்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியிலிருந்து இறங்கும்போது, "இண்டைக்குக் கொஞ்சம் நில்லுங்கோ, போக வேண்டாம்" என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் நின்றார். நான் எழும்பி, வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "ஆண்டவர் என்னோட பேசினவர். கல்லெல்லாம் கரைஞ்சு போட்டுது. எனக்கு ஒப்பரேசன் தேவையில்லை எண்டு சொன்னவர்" என்றேன். சபை அல்லேலூயா சொன்னது. என் வாயால் வந்ததைக் கேட்டு எனக்கே உடம்பு சிலிர்த்தது.

திரும்பி வரும்போது அருள்தாஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஸ்கேன் எடுத்தனீரோ?"

"விசுவாசத்துக்கு ஸ்கேன் தேவையில்லை."

"எஞ்சினில சத்தம் நிண்டுட்டுது எண்டு சொல்லிப் படகைக் கொண்டுபோறவங்களைத்தான் நான் நடுக்கடலில இருந்து கட்டி இழுத்துக்கொண்டு வாறனான்" என்றார். அவரை நான் பரிதாபமாகப் பார்த்தேன். எவ்வளவு கண்டும் நம்பாத மனிதர் என்று நினைத்தேன்.

நோவு திரும்பி வந்தபோது நான் தனியாக வீட்டில் இருந்தேன். நல்லவேளை அவர் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்று பாருங்கள். அதற்குப் பிறகு வந்த நோவையெல்லாம் மறைத்தேன். அவர் வீட்டில் இருக்கும்போது வந்தால், வெட்டுத்துணியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, வெறும் மெசினை ஓடவிட்டுச் சத்தம் காட்டுவேன். கிளினிக் திகதியைப் பற்றிக் கேட்டார். தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். சாட்சி கெட்டுவிடக்கூடாதே என்பதுதான் பயம். செத்துப்போவேன் என்ற பயம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது.

கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். காலையில் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்கு வெளிக்கிட்டவர் என்னைக் கடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"கண்ணைக் காட்டும்."

"ஏன், தூசு ஒண்டும் விழேல்ல."

"வெயில் பக்கம் திரும்பும் எண்டுறன்."

என் கண் மஞ்சளாகிவிட்டது. அன்று பின்னேரமே நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். அவர் என்னை ஒரு போர்வையால் சுற்றி ஓட்டோவில் ஏற்றினார்.

வார்ட்டில் இளம் டொக்டர் ஒருவர் என் பழைய ஆஸ்பத்திரித் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, கிளினிக் திகதிக்கு ஏன் வரேல்ல?" என்று கேட்டார். அருள்தாஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். எனக்குக் காய்ச்சல் சூட்டோடு வெட்கச் சூடும் சேர்ந்து காதெல்லாம் எரிந்தது.

"சுகமாயிட்டுது எண்டு நினைச்சன், டொக்டர்."

அவர் கோபப்படவில்லை. பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவி, பித்தம் குடலுக்குப் போகிற குழாயில் விழுந்து அடைத்திருக்கிறது என்று விளக்கினார். போக வழியில்லாத பித்தம் இரத்தத்தில் கலப்பதால்தான் கண் மஞ்சளாகிறது. தேங்கி நிற்கிற பித்தத்தில் கிருமி பிடித்ததால்தான் நடுக்கக் காய்ச்சல். "கிருமி இரத்தத்துக்குள்ள பரவினா ஆபத்து. மருந்து ஏத்திறம். ஆனா அடைப்பை எடுக்காமல் விடேலாது. அதுக்குக் கண்டிக்கு அனுப்பவேணும்" என்றார். "முந்தியே வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அருள்தாஸ் என்னைப் பார்க்கவில்லை, சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெண்கள் வார்ட்டில் ஆண்கள் நிற்க முடியாது. பார்வையாளர் நேரத்தில் மட்டும் வருவார். வேலையிடத்திலிருந்து நேரே வந்தாலும், கையைத் தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டு உரஞ்சிக் கழுவி, நகத்தில் கறுப்பு இல்லாமல் வருவார். தானே வைத்த கஞ்சியைக் கொண்டுவருவார். அதில் ஒருநாள் உப்பு இராது, மறுநாள் உப்பு மட்டுமே இருக்கும். என் அழுக்கு உடுப்பை வாங்கிக்கொண்டு போய், அடுத்த நாள் தோய்த்துக் காயவைத்து மடித்துக் கொண்டுவருவார். அந்த மடிப்பைப் பார்க்க எனக்கு அழுகை வரும். கதை பேச்சு மட்டும் இல்லை. "சாப்பிடும்", "குளிசை போட்டீரோ", "நாளைக்கு வாறன்". அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அக்கா, பரீதா ராத்தா இருந்தார். காலில் ஆறாத புண்ணோடு என்னைவிட நெடுநாளாக அங்கே இருந்தவர். என் நடுக்கம் கூடும்போது தன் போர்வையையும் எடுத்து என்மேல் போட்டுவிடுவார். தாதிமாரை எந்த நேரம் கூப்பிடலாம், எந்த நேரம் கூப்பிட்டால் பேச்சு விழும் என்பதெல்லாம் சொல்லித் தந்தவர் அவர்தான்.

பாஸ்டர் வந்தது ஒரு பின்னேரம். சூப் போத்தலோடு வந்தார். அருள்தாஸும் அப்போது நின்றார். பாஸ்டரின் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. என் மஞ்சள் கண்ணைப் பார்த்தவர் கட்டிலருகே வந்து, "அக்கா, நீங்கள் மனம் சோர வேண்டாம். ஆண்டவர் அண்டைக்குச் சுகம் தந்தது தந்ததுதான். அந்தக் கல்லு போயிட்டுது. இது வேற கல்லாயிருக்கும். உங்கட சாட்சிக்கு ஒண்டும் ஆகாது" என்றார்.

எனக்குத் தெரியும் அது அதே கல்தான் என்று. டொக்டர் சொன்னதும் தெரியும், நான் துணியைக் கடித்ததும் தெரியும். ஆனாலும் தலையாட்டினேன். "ஓம் பாஸ்டர், இது வேறதான்" என்று வாயாலும் சொன்னேன். அருள்தாஸ் கையிலிருந்த கஞ்சிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அன்று திரும்பி வரவில்லை.

பாஸ்டர் போன பிறகு பரீதா ராத்தா என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"தங்கச்சி, அந்தத் தம்பி வேற கல்லெண்டு சொல்லிட்டுப் போறாரே. டொக்டர் அப்பிடிச் சொல்லல்லயே?"

"இல்ல, ராத்தா."

"அப்ப ஏன் புள்ள தலையாட்டின?"

அவர் குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார். "நான் நோவெண்டா அல்லாஹ்ட்டயும் அழுவன், டொக்டர்ட்டயும் அழுவன். ரெண்டு பேரும் என்னைக் கோவிச்சதில்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அன்று நான் ஜெபிக்க நினைத்தேன். வழக்கமாகக் கடகடவென்று வருகிற வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அருள்தாஸ் வெளியே போன முதுகு மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. எந்த மனிதரை உள்ளே கூட்டிவருவதற்கென்று பொய் சொன்னேனோ, அந்த மனிதரை நானே வெளியே அனுப்பிவிட்டேன். மாமிக்கு அந்த ஊழியர் செய்ததைத்தான் நான் இவருக்குச் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த வருத்தத்தில் நான் செத்துப்போனால், ஆண்டவர் பெயரைச் சொல்லி இரண்டாவது ஆளும் அவரை ஏமாற்றியதாகத்தான் அவருக்கு மிஞ்சும்.

கண்டிக்கு அனுப்புகிற நாள் வந்தது. அம்புலன்ஸில் ஒருவர் கூடப் போகலாம் என்றார்கள். அருள்தாஸ் சின்னப் பை ஒன்றோடு வந்து ஏறினார். தாதி முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். பின்னால் நாங்கள் இருவரும்தான். கந்தளாய் வரைக்கும் அவர் வெளியே பார்த்தபடி இருந்தார், நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் விலாவுக்குக் கீழே குத்தியது.

ஹபரணைக்கு முன்னால், காட்டுப் பகுதியில் வண்டி நின்றது. "யானை" என்றார் சாரதி. றோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறதாம், போகிற வரைக்கும் அசைய ஏலாது என்றார். எஞ்சினையும் நிறுத்திவிட்டார்.

"இஞ்சேருங்கோ" என்றேன்.

"என்ன, சத்தி வருதோ?" என்று வாந்திக்கு வைத்திருந்த பாத்திரத்தை எடுத்தார்.

"இல்ல. ஒண்டு சொல்லோணும்."

"வசனமெண்டா பிறகு சொல்லும்."

"வசனமில்ல. நான் அண்டைக்குச் சபையில சொன்னது பொய். ஆண்டவர் என்னோட ஒண்டும் பேசேல்ல. கல்லு கரைஞ்சிட்டுது எண்டு அவர் சொல்லேல்ல. நான்தான் சொன்னனான். உங்களுக்குக் கேக்கோணும் எண்டு சொன்னனான்."

"தெரியும்."

"தெரியுமோ?"

"பொய் சொல்லேக்க உமக்குக் குரல் பெருக்கும். கல்யாணம் செய்த நாளில இருந்து தெரியும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து நோவைக் கூட்டின.

"சேகர் நத்தாருக்கு முன்னம் வருவான் எண்டு ஆண்டவர் சொல்லேல்ல. அந்த மனிசன்தான் சொன்னவர். மாமி அழுறதைப் பாக்க ஏலாமல் சொல்லியிருப்பார், இல்லாட்டி எல்லாரும் அல்லேலூயா சொல்லோணும் எண்டு சொல்லியிருப்பார். எனக்கு இப்ப விளங்குது, ஏனெண்டா நானும் அதைத்தான் செய்தனான். அது ஆண்டவற்ர வார்த்தை, நீங்கள் கோவிக்கக்கூடாது எண்டு உங்களுக்கு இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனே. நீங்கள் கோவிச்சது சரி. பிழை எங்களில."

வெளியே யாரோ யானையைப் பார்க்க வாகனத்திலிருந்து இறங்கிச் சத்தம் போட்டார்கள்.

"இதை அப்பவே ஒரு ஆள் அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஓம். நான் சொல்லியிருக்கலாம். நான் சட்டை தைச்சுக் குடுத்தனான்."

அதற்கு அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்காக நான் இன்றைக்கும் அவரை மதிக்கிறேன். பிறகு கேட்டார்.

"பயமாக் கிடக்கோ?"

"ஓம். சரியான பயம்."

"ஆண்டவர் இருக்கிறார், பயமில்லை எண்டெல்லோ நீர் சொல்லுறனீர்."

"இருக்கிறார். பயமும் இருக்கு. கண்டியில என்ன நடக்கும் எண்டு அவர் எனக்குச் சொல்லேல்ல. கூப்பிட்டா அவருக்குக் கேக்குது எண்டது மட்டும்தான் எனக்குத் தெரியும். இந்த வண்டிக்குள்ள கிடந்தும் அதைத்தான் செய்துகொண்டு வாறன். அதுக்கு மேல நான் சொன்னதெல்லாம் நானாச் சேத்தது."

அவர் எழும்பிக் கால்மாட்டுக்கு வந்து, போர்வைக்கு மேலால் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். சேலைன் ஏறுகிற கையைப் பிடிக்க அவருக்குப் பயம். யானை போய் வண்டி புறப்பட்ட பிறகும் தம்புள்ள தாண்டும் வரை கையை எடுக்கவில்லை.

கண்டியில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இதற்குப் போகிறவர்களுக்கு உதவும். வயிற்றை வெட்டவில்லை. தொண்டையை மரக்கச் செய்கிற மருந்து அடித்து, மயக்க ஊசி போட்டு, கமரா பூட்டிய மெல்லிய குழாயை வாய்வழியாகக் குடல்வரைக்கும் விட்டு, பித்தக்குழாயின் வாயைத் திறந்து கல்லை எடுக்கிறார்கள். முதலில் ஓங்காளிக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. ஆனால் வாசலில் காத்துக் கிடக்கிற நேரம்தான் பெரிய பாடு. என்னைத் தள்ளிக்கொண்டு போக வந்தபோது அருள்தாஸ் குனிந்தார்.

"உள்ளுக்குப் போய்ப் பயம் வந்தா, அவரைக் கூப்பிடும். நான் இந்தக் கதிரையிலதான் இருப்பன்."

அவர் நம்பித்தான் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் கூப்பிட்டேன். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை, "ஆண்டவரே, ஆண்டவரே" என்றுதான்.

கல் வந்தது. மஞ்சள் மெல்ல இறங்கியது. ஊருக்குத் திரும்பி வந்து, சில காலம் கழித்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பித்தப்பையையும் எடுத்தார்கள். எடுத்த கற்களைச் சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினார்கள். அருள்தாஸ் போத்தலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "கரைஞ்ச மாதிரித் தெரியேல்ல" என்றார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எங்களிடத்தில் சுகமாகி வந்தவர்கள் சபையில் நன்றிச் சாட்சி சொல்வது வழக்கம். நான் முதலில் பாஸ்டரிடம் போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அக்கா, எனக்கு விளங்குது. ஆனா இதை மைக்கில சொல்லத்தான் வேணுமோ? புது ஆக்கள் இருக்கினம். அவையின்ர விசுவாசம் அசைஞ்சு போகும்."

"மைக்கிலதானே பொய் சொன்னனான், பாஸ்டர். எங்கட வீட்டில ஒரு ஆளுக்கு விசுவாசம் அசைஞ்சது உண்மையால இல்ல."

அவரும் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதை நினைத்திருப்பார் போலும். கடைசியில், "சொல்லுங்கோ அக்கா. பிறகு நானும் ஒண்டு சொல்லவேண்டிக் கிடக்கு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருள்தாஸ் வழக்கம்போலக் கேற்றடியில் இறக்கினார். நில்லுங்கோ என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் துணிவில்லாமல் உள்ளே போய்விட்டேன். சாட்சி நேரம் வந்தது. சாதாரணக் குரலில், "நான் உங்களுக்கெல்லாம் பொய் சொன்னனான். ஆண்டவர் சொல்லாததை அவர் சொன்னவர் எண்டு சொன்னனான். அதால சாகப் பார்த்தனான். டொக்டர்மார் கல்லை எடுத்தவை. பயந்து கிடக்கேக்க ஆண்டவர் என்னை விட்டுப் போகேல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார். பிறகு பாஸ்டர் எழும்பி, ஆஸ்பத்திரியில் வேறு கல் என்று என்னிடம் சொன்னது ஆண்டவர் சொன்னதல்ல, தான் சொன்னது என்றார். முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டு பக்கவாசலால் வெளியே பார்த்தேன். கேற்றடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. எஞ்சின் நிறுத்தியிருந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார், என் தையல் குலுங்காமல். கடற்கரை றோட்டுக்கு வந்ததும் தலையைத் திருப்பாமலே பேசினார்.

"பாஸ்டரிட்ட ஒண்டு கேட்டுப் பாரும்."

"என்ன?"

"சேகரின்ர பேரை ஒருக்கா ஜெபத்தில சொல்லேலுமோ எண்டு."

"என்னெண்டு சொல்லுறது?"

"செத்திட்டான் எண்டு சொல்ல வேண்டாம். வருவான் எண்டும் சொல்ல வேண்டாம். பேரை மட்டும் சொன்னாப் போதும்." சிறிது தூரம் போனபின், "அண்டைக்கு நான் உள்ளுக்கு வாறன்" என்றார்.

அல்லேலூயா என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, அவருடைய முதுகில் கையை வைத்து, "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.